ராம் ஸ்டிக்: ஒரு பக்கமா, இரு பக்கமா? ரேங்க் சொல்லும் கணக்கு

இரண்டு ராம் ஸ்டிக்குகள். இரண்டும் 16 ஜிபி, இரண்டும் டிடிஆர்4 தலைமுறை, இரண்டிலும் வேகம் 3200 என்றே எழுதியிருக்கிறது. ஒன்றைத் திருப்பினால் பின்பக்கம் வெறும் பலகை; எட்டுச் சிப்களும் முன்பக்கமே இருக்கின்றன. மற்றதில் முன்னால் எட்டு, பின்னால் எட்டு என்று பதினாறு சிப்கள். வாங்கப் போகிறவருக்கு இந்த இடத்தில் தயக்கம் வரும். சிப் நிறைய இருந்தால் நல்லதா, குறைவாக இருந்தால் நல்லதா?

இந்தத் தயக்கம் எனக்கும் வந்திருக்கிறது. ஒரு கணினிக்கு இரண்டு ஸ்டிக் வாங்கிப் போட்டிருந்தேன். இரண்டு வருடம் கழித்து அதே மாடல் எண்ணைத் தேடிப் பிடித்து இன்னும் இரண்டு வாங்கினேன். பழையவற்றில் இரு பக்கமும் சிப். புதியவற்றில் ஒரு பக்கம் மட்டும். முதலில் போலிச் சரக்கோ என்றுதான் சந்தேகப்பட்டேன். போலி இல்லை. இடைப்பட்ட காலத்தில் 8 ஜிகாபிட் (அதாவது 1 ஜிபி) சிப்புக்குப் பதில் 16 ஜிகாபிட் (2 ஜிபி) சிப் வந்திருந்தது. முன்பு பதினாறு சிப்பில் அடங்கிய 16 ஜிபி இப்போது எட்டுச் சிப்பில் அடங்கிவிட்டது. மாடல் எண் அப்படியே இருக்க, உள்ளே இருந்த சரக்கு மாறியிருந்தது. அதன் பிறகு ஸ்டிக்கின் பக்கங்களை எண்ணுவதை விட்டுவிட்டேன். கணினிக்குப் பக்கம் தெரியாது; அதற்குத் தெரிவது ரேங்க் மட்டுமே.

ரேங்க் என்றால் என்ன என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும். ராமை இயக்குவது பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர்; அது ஒரு சேனலில், அதாவது ராமுக்குப் போகும் ஒரு தரவுப் பாதையில், 64 கம்பிகள் வழியாகத் தரவை அனுப்பும், வாங்கும். ஆனால் ஸ்டிக்கில் ஒட்டும் எந்த ஒரு ராம் சிப்பிலும் 64 தரவுக் கம்பிகள் இருக்காது. இந்த ஸ்டிக்குகளில் புழங்குபவை 4, 8, 16 கம்பிகள் உள்ள மூன்று வகைச் சிப்கள்தான். அதனால் பல சிப்கள் கூட்டாக வேலை செய்தாக வேண்டும். எட்டுக் கம்பிச் சிப் என்றால் எட்டு சேர்ந்தால் 64. பதினாறு கம்பிச் சிப் என்றால் நான்கே போதும். நான்கு கம்பிச் சிப் என்றால் பதினாறு வேண்டும். இப்படி ஒரே நேரத்தில் ஒன்றாகப் பதில் சொல்லி 64 பிட்டை நிரப்பும் சிப்களின் கூட்டம்தான் ஒரு ரேங்க். அந்தக் கூட்டத்தை மொத்தமாக எழுப்ப ‘சிப் செலக்ட்’ என்று தனியாக ஒரு கம்பி உண்டு. கன்ட்ரோலர் அந்தக் கம்பியை இயக்கினால் அந்த ரேங்க் மட்டும் கேட்கும், மற்றது சும்மா இருக்கும்.

இப்போது மேசையில் இருக்கும் இரண்டு ஸ்டிக்குகளுக்குத் திரும்பலாம். எட்டுக் கம்பிச் சிப் எட்டு இருப்பது ஒரு ரேங்க். பதினாறு இருப்பது இரண்டு ரேங்க்: முன்பக்க எட்டும் ஒன்று, பின்பக்க எட்டும் ஒன்று. இந்த வகையில் பக்கமும் ரேங்க்கும் ஒன்றாகவே அமைந்துவிடுவதால்தான் ‘இரு பக்க ராம்’ என்று சொல்லும் பழக்கம் நிலைத்தது.

ஆனால் இது எப்போதும் பொருந்தாது. மடிக்கணினியில் போடும் சிறிய ஸ்டிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பலகை குட்டையானது, இடம் குறைவு. அதனால் எட்டுச் சிப்பை முன்னால் நான்கு, பின்னால் நான்கு என்று பிரித்து ஒட்டிய ஸ்டிக்குகள் உண்டு. பார்க்க இரு பக்கம், கணக்கில் ஒரே ரேங்க். சர்வர்களில் இதைவிடத் தெளிவாகப் பார்க்கலாம். பிழை திருத்தும் வசதியோடு 72 பிட் அகலம் கொண்ட டிடிஆர்4 ஸ்டிக்கில், நான்கு கம்பிச் சிப் பதினெட்டு சேர்ந்தால்தான் ஒரு ரேங்க் ஆகும். பதினெட்டும் பெரும்பாலும் இரு பக்கமும் பரவியிருக்கும். ஆனாலும் ஒரே ரேங்க்தான். கண்ணால் பார்த்து முடிவு செய்தால் இங்கெல்லாம் தவறிவிடுவோம். மேசைக் கணினி ஸ்டிக்குகளில் உலோக உறை வேறு மாட்டியிருப்பதால் பல நேரம் கண்ணால் பார்க்கவே முடியாது.

பழைய காலத்தில் பக்கத்தைப் பார்த்தே வாங்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை. 486 பிராசசர் நாட்களின் 72 முள் சிம் (SIMM) வகை ராம் ஸ்டிக்குகளில் 4 எம்பி, 16 எம்பி எல்லாம் வழக்கமாக ஒரு பக்கம். 8 எம்பி, 32 எம்பி எல்லாம் இரு பக்கம். இரு பக்க ஸ்டிக் ஒன்று, மதர்போர்டுக்கு இரண்டு ஸ்டிக் போலத் தெரியும். அதனால் சில போர்டுகளில் ஒரு ஸ்லாட்டில் அதைப் போட்டால் இன்னொரு ஸ்லாட்டைக் காலியாக விட வேண்டும். மதர்போர்டு கையேட்டில் எந்த ஸ்லாட்டில் எந்த வகை என்று ஒரு நீண்ட அட்டவணையே இருக்கும்.

அதன் பிறகு 1998இல் வந்த இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட்டில் (மதர்போர்டில் ராமைக் கட்டுப்படுத்திய சிப்) கதை தலைகீழானது. அது 128 மெகாபிட் சிப் வரைதான் சரியாகப் புரிந்துகொள்ளும். 128 மெகாபிட் சிப் பதினாறு ஒட்டிய இரு பக்க 256 எம்பி ஸ்டிக்கைப் போட்டால் முழுதாகத் தெரியும். 256 மெகாபிட் சிப் எட்டு ஒட்டிய ஒரு பக்க 256 எம்பி ஸ்டிக்கைப் போட்டால் 128 எம்பி மட்டும் தெரியும். பாதி காணாமல் போய்விடும்! ‘பழைய கணினிக்கு இரு பக்கம்தான் வாங்க வேண்டும்’ என்ற அறிவுரை பிறந்தது இப்படித்தான். அந்தக் கணினிகளுக்கு அது இன்றும் சரியான அறிவுரை. பழைய இயந்திரங்களைப் பாதுகாத்து ஓட்டுகிறவர்கள் அதை மறக்கக் கூடாது. புதிய கணினிக்கு அதையே சொல்வதில்தான் சிக்கல்.

சரி, இன்றைய கணினியில் இரண்டு ரேங்க் இருந்தால் என்ன லாபம்?

ராம் சிப்பின் உள்ளே ஒவ்வொரு பிட்டும் மிகச் சிறிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாக இருக்கிறது. அது கசிந்துகொண்டே இருக்கும். மறைவதற்குள் படித்துத் திரும்ப எழுத வேண்டும். இதைத்தான் ரெஃப்ரெஷ் என்கிறோம். வழக்கமான வெப்பநிலையில் டிடிஆர்4 சிப் முழுவதும் 64 மில்லி விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். அந்த வேலையை 8192 தவணைகளாகப் பிரித்திருக்கிறார்கள், ஆக 7.8 மைக்ரோ விநாடிக்கு ஒரு தவணை. 8 ஜிகாபிட் சிப்பில் ஒரு தவணைக்கு 350 நானோ விநாடி பிடிக்கும். அந்த நேரம் முழுவதும் அந்த ரேங்க் எதற்கும் பதில் சொல்லாது. கணக்குப் போட்டால் மொத்த நேரத்தில் ஏறத்தாழ நாலரைச் சதவீதம் கதவு அடைத்தே இருக்கிறது. ஒரே ரேங்க் என்றால் பிராசசர் வெளியே காத்திருக்க வேண்டியதுதான். இரண்டு ரேங்க் இருந்தால் கன்ட்ரோலர் ஒன்றைப் புதுப்பிக்கும்போது மற்றதில் வேலையை நடத்தலாம்.

ரெஃப்ரெஷைவிடப் பெரிய லாபம் பேங்க்குகளில் இருக்கிறது. ஒவ்வொரு சிப்பின் உள்ளும் தரவு பல பேங்க்குகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரு பேங்க்கில் ஒரு நேரத்தில் ஒரு வரிசையைத்தான் திறந்து வைக்க முடியும். தேவையான தரவு திறந்திருக்கும் வரிசையில் இருந்தால் உடனே கிடைக்கும். வேறு வரிசையில் இருந்தால் இருப்பதை மூடி, புதியதைத் திறந்து, அப்புறம் படிக்க வேண்டும். அதற்குப் பல மடங்கு நேரமாகும். டிடிஆர்4இன் எட்டுக் கம்பிச் சிப்பில் 16 பேங்க்குகள். ஒரு ரேங்க்கில் உள்ள எல்லாச் சிப்பும் ஒன்றாகவே நடப்பதால் ரேங்க்குக்கு 16 வரிசைதான் திறந்திருக்கும். இரண்டாவது ரேங்க் வந்தால் 32. தேவையான வரிசை ஏற்கெனவே திறந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஒன்று மூடித் திறக்கும் நேரத்தில் மற்றதிலிருந்து தரவு ஓடிக்கொண்டிருக்கும். ரேங்க் இன்டர்லீவிங் என்று பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) ஒரு வரி வருகிறதே, அது இந்த ஏற்பாட்டுக்கான பெயர்தான்.

இது இலவசமும் இல்லை. ஒரு ரேங்க்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கம்பியில் ஓரிரு கடிகாரத் துடிப்பு இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டின் தரவும் மோதிக்கொள்ளும். அப்படியும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரே வேகத்தில் ஓடும் டிடிஆர்4 ஸ்டிக்குகளில் இரண்டு ரேங்க் கொஞ்சம் முன்னே நிற்கும். பெரும்பாலான வேலைகளில் அது சில சதவீதம்தான். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸை நம்பி விளையாடுகிறவர்களுக்கு இது கூடுதலாகத் தெரியும், ஏனென்றால் திரைக்கான தரவு முழுவதும் அதே ராமிலிருந்துதான் வர வேண்டும். கடிதம் அடிக்கவும் படம் பார்க்கவும் கணினி வைத்திருப்பவர் வித்தியாசத்தை உணரவே மாட்டார். அவருக்காக இதில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

‘ஒரே வேகத்தில் ஓடினால்’ என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். இரண்டாவது ரேங்க் சேரும்போது ஒவ்வொரு தரவுக் கம்பியிலும் ஒரு சிப்புக்குப் பதில் இரண்டு தொங்குகின்றன. சேனலுக்கு இரண்டு ஸ்டிக் போட்டால் நான்கு. மின்சமிக்ஞை ஒவ்வொரு கிளையிலும் கொஞ்சம் எதிரொலித்துத் திரும்பும், அலையின் ஓரம் மழுங்கும். வேகம் கூடக் கூட, தவறில்லாமல் படிக்கும் இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும். கன்ட்ரோலர் ஒரு கட்டத்துக்கு மேல் தாங்காது.

2017இல் வந்த முதல் ரைசன் பிராசசர்களுக்கு ஏஎம்டி கொடுத்த அதிகாரபூர்வ வேகங்களை இன்றும் நான் உதாரணம் காட்டுவேன், ஏனென்றால் இந்த விஷயத்தை அவ்வளவு வெளிப்படையாக எண்ணில் காட்டிய பட்டியல் வேறு கிடைப்பது அரிது. ஒரு ரேங்க் ஸ்டிக் இரண்டு போட்டால் 2667. இரண்டு ரேங்க் ஸ்டிக் இரண்டு போட்டால் 2400. ஒரு ரேங்க் ஸ்டிக் நான்கு போட்டால் 2133. இரண்டு ரேங்க் ஸ்டிக் நான்கு போட்டால் 1866. கன்ட்ரோலரின் சுமை ஏற ஏற வேகம் எப்படிப் படியிறங்குகிறது பாருங்கள். அதன் பிறகு கன்ட்ரோலர்கள் வெகுவாக முன்னேறிவிட்டன. 2022இல் வந்த ரைசன் 7000 வரிசையில் இரண்டு ஸ்டிக்குக்கு ஒரு ரேங்க் ஆனாலும் இரண்டு ரேங்க் ஆனாலும் ஒரே 5200தான். ஆனால் நான்கு ஸ்டிக் என்றதும் 3600 என்று விழுகிறது. ரேங்க்கால் வரும் சுமையைப் புதிய கன்ட்ரோலர் தாங்கிக்கொள்கிறது. நான்கு ஸ்லாட்டையும் நிரப்பும் சுமையைத்தான் தாங்குவதில்லை. டிடிஆர்4க்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 வாங்குகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டிய முதல் எண்கள் இவை.

நான்கு ஸ்டிக்கைப் பற்றிப் பேசும்போது ஒரு கிளைச் செய்தி. ஒரு ரேங்க் ஸ்டிக் நான்கை இரண்டு சேனலில் போட்டால் சேனலுக்கு இரண்டு ரேங்க் ஆகிவிடும். இன்டர்லீவிங் லாபம் அப்போதும் கிடைக்கும். டிடிஆர்4 கணினியில் ஏற்கெனவே இரண்டு ஒரு ரேங்க் ஸ்டிக் இருந்து, மேலும் இரண்டு சேர்த்தவர்கள் ‘கொள்ளளவு மட்டும் கூடும் என்று நினைத்தேன், வேகமும் கொஞ்சம் கூடியிருக்கிறதே’ என்று சொன்னால் காரணம் இதுதான்.

என் பார்வையில், கடைசி நேரத்தில் நிஜமாகவே கையைச் சுடுவது பக்கமோ ரேங்க்கோ இல்லை. பதினாறு கம்பிச் சிப்தான். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஒரு ஸ்டிக்கில் நான்கே நான்கு சிப் இருந்தால் அது அநேகமாக இந்த வகை. டிடிஆர்4இல் எட்டுக் கம்பிச் சிப்புக்கு 16 பேங்க் என்றால் பதினாறு கம்பிச் சிப்புக்கு 8தான். டிடிஆர்5இல் 16 ஜிகாபிட் சிப்பை எடுத்தால் 32க்குப் பதில் 16. ரேங்க் ஒன்றே, அதிலும் திறந்து வைக்கக் கூடிய வரிசை பாதி. அட்டையில் எழுதியிருக்கும் வேகமும் கொள்ளளவும் மற்ற ஸ்டிக்கைப் போலவே இருக்கும், வேலையில் பின்தங்கும். ஆயத்தமாக விற்கும் மலிவான கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் 8 ஜிபி ஸ்டிக்காக இது அடிக்கடி வரும். அதுவும் ஒற்றை ஸ்டிக்காக. டிடிஆர்5 8 ஜிபி என்றால் வழக்கமாகவே 16 ஜிகாபிட் பதினாறு கம்பிச் சிப் நான்குதான். டிடிஆர்5 வாங்குவதானால் ஸ்டிக்குக்கு 16 ஜிபிக்குக் கீழே போக வேண்டாம் என்று நான் சொல்வதன் காரணம் கொள்ளளவு மட்டுமல்ல, இதுவும்தான்.

டிடிஆர்5 வந்ததும் இந்தக் கணக்கில் இன்னொரு மாற்றம். ஒரு ஸ்டிக்குக்குள்ளேயே 64 பிட் அகலத்தை 32, 32 என்று இரண்டு துணைச் சேனலாகப் பிரித்துவிட்டார்கள். ஒவ்வொன்றும் தனியாகக் கட்டளை வாங்கி, தனியாகப் பதில் சொல்லும். பேங்க்குகள் ஏற்கெனவே இரட்டிப்பு. ஒரு ரேங்க்கை முழுவதும் அடைக்காமல், பேங்க்குகளைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பேங்க் என்று கொஞ்சம் கொஞ்சமாக ரெஃப்ரெஷ் செய்யும் வழியும் உண்டு. இரண்டாவது ரேங்க் முன்பு செய்துவந்த உதவியில் ஒரு பகுதியை இப்போது ஸ்டிக் தானே செய்துகொள்கிறது. அதனால் டிடிஆர்4இல் இருந்த அளவுக்கு ஒரு ரேங்க், இரண்டு ரேங்க் இடைவெளி இங்கே பெரிதாக இல்லை. மிக உயர்ந்த வேகத்தைத் தேடி ஓவர்கிளாக் செய்கிறவர்கள், அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுகிறவர்கள், ஒரு ரேங்க் ஸ்டிக்கையே எடுக்கிறார்கள். சுமை குறைவு, வேகம் ஏறும்.

இன்னொரு நடைமுறை உண்மையும் உண்டு. டிடிஆர்5இல் ரேங்க்கை நாம் தனியாகத் தேர்ந்தெடுக்க இடமே அதிகம் இல்லை. கொள்ளளவைத் தேர்ந்தெடுத்தால் ரேங்க் கூடவே வந்துவிடும். மேசைக் கணினி ஸ்டிக்கில் 16 ஜிபி என்றால் 16 ஜிகாபிட் சிப் எட்டு, ஒரு ரேங்க். 24 ஜிபி என்றால் 24 ஜிகாபிட் சிப் எட்டு, அதுவும் ஒரு ரேங்க். 32 ஜிபி, 48 ஜிபி எல்லாம் இவற்றின் இரட்டிப்பு: பதினாறு சிப், இரண்டு ரேங்க், இரு பக்கம். சிப் இன்னும் பெரிதாகும்போது இந்த எண்களும் நகரும்.

ஆக, யாராவது ‘எதை வாங்கலாம்’ என்று கேட்டால் நான் முதலில் கேட்பது ரேங்க்கை அல்ல. எவ்வளவு ஜிபி உண்மையில் வேண்டும் என்று கேட்பேன். ராம் போதாமல் கணினி டிஸ்க்கைத் தொட ஆரம்பித்தால் அதற்கு முன் இந்தச் சில சதவீதமெல்லாம் ஒன்றுமே இல்லை. அடுத்தது, அதை இரண்டு ஸ்டிக்காகப் பிரித்து வாங்குவது. டிடிஆர்4 3200இல் ஒரு சேனல் விநாடிக்கு 25.6 ஜிபி கடத்தும். இரண்டு சேனல் 51.2. ஒற்றை ஸ்டிக்கில் எத்தனை ரேங்க் இருந்தாலும் இந்த இரட்டிப்பு கிடைக்காது. அவற்றை எந்த ஸ்லாட்டில் போடுவது என்று மதர்போர்டு கையேட்டைப் பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும். கம்பியின் கடைசி முனையில் ஸ்டிக் இருந்தால் எதிரொலி குறையும் என்பதற்காக அந்த ஏற்பாடு.

இவை முடிந்த பிறகுதான் ரேங்க். டிடிஆர்4 கணினியில், ஒரே கொள்ளளவு, ஒரே வேகம், ஒரே டைமிங் (தாமத எண்கள்) என்று இரண்டு ரேங்க் ஸ்டிக் கிடைத்தால் இரண்டை மட்டும் போடுகிறவர் தயங்காமல் எடுக்கலாம். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பப் போகிறவர், அல்லது முதல் தலைமுறை ரைசன் போன்ற கூச்ச சுபாவக் கன்ட்ரோலர் வைத்திருப்பவர், ஒரு ரேங்க்கில் நிற்பது நிம்மதி. டிடிஆர்5இல் இரண்டு ஸ்டிக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; 64 ஜிபி வேண்டுமென்றால் 16 ஜிபி நான்கைவிட 32 ஜிபி இரண்டு மேல். சர்வர்களுக்கு வேறு விதி. அங்கே சேனலுக்கு மொத்தம் எத்தனை ரேங்க் தாங்கும் என்பதற்கே வரம்பு உண்டு. எந்த ஸ்லாட்டில் எத்தனை ரேங்க் என்று தயாரிப்பாளர் தரும் அட்டவணையைப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

கையில் இருப்பது எந்த வகை என்று கண்டுபிடிப்பது சுலபம். ஸ்டிக்கின் ஸ்டிக்கரில் கொள்ளளவுக்குப் பக்கத்தில் 1ஆர்எக்ஸ்8, 2ஆர்எக்ஸ்8, 1ஆர்எக்ஸ்16 என்பது போல ஒரு குறியீடு ஆங்கில எழுத்தில் இருக்கும். முதல் எண் ரேங்க், கடைசி எண் ஒரு சிப்பின் தரவுக் கம்பி. கிங்ஸ்டனின் வேல்யூராம் வரிசையில் மாடல் எண்ணுக்குள்ளேயே எஸ்8, டி8 என்று வரும். எஸ் என்றால் ஒரு ரேங்க், டி என்றால் இரண்டு. கணினி ஓடிக்கொண்டிருந்தால் கழற்ற வேண்டிய அவசியம் இல்லை. விண்டோஸில் சிபியூ-இசட் என்ற நிரலைத் திறந்து எஸ்பிடி பக்கத்தில் ரேங்க்ஸ் என்ற வரியைப் பாருங்கள். லினக்ஸில் டிஎம்ஐடிகோட் கட்டளை ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் ரேங்க் எண்ணிக்கையைச் சொல்லும். விளையாட்டுக் கணினிகளுக்கென்று விற்கும் பளபளப்பான ஸ்டிக்குகளில் இந்தக் குறியீட்டைப் பல நேரம் அச்சிடுவதே இல்லை. வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டிய தகவல் அது. அட்டையில் போடாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழைய ஸ்டிக்கோடு புதியதைச் சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு ரேங்க்கும் இரண்டு ரேங்க்கும் கலந்து போட்டால் பெரும்பாலும் ஓடும். என்னுடைய அந்த நான்கு ஸ்டிக்குகளும் ஓடின. அட்டையில் எழுதிய 3200இல் ஓடவில்லை, ஒரு படி இறக்கிய பிறகுதான் நிலையாக நின்றன. அதனால் கலக்குவதானால் ஒரே மாதிரி இரண்டை சேனலுக்கு ஒன்றாகப் பிரித்துப் போடுங்கள், அட்டையில் எழுதிய வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பி அமைப்பை உடனே இயக்காமல் முதலில் சாதாரண வேகத்தில் தொடங்குங்கள், ஓர் இரவு முழுவதும் மெம்டெஸ்ட் என்ற ராம் சோதனை நிரலை ஓட விட்டு ஒரு பிழைகூட வராத வேகம் எதுவோ அதில் நிறுத்துங்கள்.